ஓரெகிட்: விண்கலத்துக்கு ஜிபிஎஸ் சிக்னல் எட்டுமா என்று கணக்குப் போட ஒரு இலவச லைப்ரரி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றுப்பாதையில் ஓடும் ஒரு விண்கலத்துக்கு எந்த நேரத்தில் எத்தனை ஜிபிஎஸ், கலிலியோ (ஐரோப்பாவின் ஜிபிஎஸ்) செயற்கைக்கோள்கள் கண்ணில் படும் என்று கணக்குப் பார்க்க வேண்டும், பெரிய மென்பொருள் வாங்கக் காசு இல்லை, ஆனால் ஜாவாவோ பைத்தானோ ஓரளவுக்கு எழுத வரும் என்றால் ஓரெகிட்டைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு யார் தெரிவார்கள் என்ற வடிவியல் கணக்கில் இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தெரிகிற சிக்னல் ரிசீவருக்குப் போதுமான பலத்தோடு வருகிறதா என்ற கேள்விக்கு மட்டும் இது பதில் சொல்லாது, அந்தப் பாதியை நாம்தான் எழுத வேண்டும். இந்த விமர்சனத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு பாதிகளைப் பற்றித்தான்.

இந்தக் கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 500 கிலோமீட்டர் உயரத்தில் போகும் சின்ன செயற்கைக்கோளுக்கு இதில் பெரிய கவலை இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு தளங்களில், 55 டிகிரி சாய்வில் சுற்றுகின்றன. கீழே இருப்பவருக்கு அவை தலைக்கு மேலே நாலாபுறமும் தெரியும், தரையில் நமக்குத் தெரிவதைவிட ஒன்றிரண்டு கூடுதலாகவே தெரியும். ஜிபிஎஸ்ஸுக்கும் மேலே போய்விட்டால்தான் சிக்கல். அந்த ஆன்டெனாக்கள் எல்லாம் பூமியைப் பார்த்து வைக்கப்பட்டவை, மேலே இருப்பவருக்காக யாரும் ஒளிபரப்பவில்லை. புவிநிலைச் சுற்றுப்பாதையில், அதாவது 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள் ஜிபிஎஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால், பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்பும் சிக்னல் பூமியின் விளிம்பைத் தாண்டிக் கசிந்து வருவதைத்தான் பிடிக்க வேண்டும். குடத்துக்குப் பின்னால் டார்ச் அடித்தால் குடத்தைச் சுற்றி ஒரு வெளிச்ச வளையம் தெரியுமே, அதேதான். 3,000 கிலோமீட்டர் தொடங்கி 36,000 கிலோமீட்டர் வரை உள்ள இந்தப் பகுதியை விண்வெளிச் சேவைப் பரப்பு என்று தனியாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள்.

இப்போது ஓரெகிட்டுக்கு வருவோம். பிரான்ஸின் சிஎஸ் குரூப் 2002ல் ஆரம்பித்த விண்வெளி இயக்கவியல் லைப்ரரி இது. 2008ல் அப்பாச்சி உரிமத்தில் திறந்த மூலமாக்கினார்கள். முழுக்க ஜாவா. ஹிப்பார்க்கஸ் என்ற கணித லைப்ரரியின் மேல் நிற்கிறது. ஜன்னல், பொத்தான், சுழலும் பூமிப் படம் என்று எதுவும் கிடையாது. திறந்ததும் எதையாவது காட்டும் மென்பொருளை எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். கோடு எழுதினால் எண்கள் வரும், அவ்வளவுதான்.

நிறுவும்போது முதலில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. லைப்ரரியோடு தரவுக் கோப்புகள் வராது. லீப் செகண்ட் (உலக நேரத்தில் அவ்வப்போது சேர்க்கும் விநாடி) வரலாறு, பூமியின் சுழற்சித் திருத்தங்கள், கோள்களின் நிலை, புவியீர்ப்பு மாதிரி எல்லாம் ஓரெகிட்-டேட்டா என்ற தனிப் பொட்டலத்தில் இருக்கும். அதை இறக்கி இடம் காட்டவில்லை என்றால், யூடிசி (உலகப் பொது நேரம்) வரலாறு ஏற்றப்படவில்லை என்று ஒரு பிழைச் செய்தி கொடுத்து நின்றுவிடும். புதியவர்கள் பலர் லைப்ரரியே கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வது இங்கேதான். எனக்கு இந்த நடத்தை பிடித்திருக்கிறது. தெரியாத தரவை ஊகித்துத் தவறான நேரத்தில் கணக்குப் போடுவதைவிட, இது இல்லாமல் முடியாது என்று சொல்லி நிற்பது நேர்மையான வழி.

அடுத்து ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவல். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் நேவ்சென் தளத்தில் யூமா அல்மனாக், அதாவது செயற்கைக்கோள்களின் தோராயமான சுற்றுப்பாதைப் பட்டியல், இலவசமாகக் கிடைக்கிறது. செயற்கைக்கோள் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து வரி கொண்ட எளிய உரைக் கோப்பு. ஓரெகிட்டில் இதைப் படிக்க யூமா பார்சரும் (கோப்பைப் படிக்கும் நிரல்), செம் என்ற இன்னொரு அல்மனாக் வடிவத்துக்குச் செம் பார்சரும் தயாராக இருக்கின்றன. படித்த கையோடு ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்ற அமைப்புகளின் பொதுப்பெயர்) ப்ரோபகேட்டரிடம் கொடுத்தால் எந்த நேரத்துக்கும் நிலை, வேகம் வந்துவிடும். அல்மனாக் சில கிலோமீட்டர் அளவுக்குத் தவறலாம், ஆனால் சிக்னல் பரப்பைப் பார்க்கும் வேலைக்கு அது தாராளம். ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். அந்தக் கோப்பில் பழுதாகிப் பயன்பாட்டில் இல்லாத செயற்கைக்கோள்களும் சேர்ந்தே வரும். உடல்நிலை (Health) என்ற வரியில் 000 இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட வேண்டும். பார்சர் நமக்காக அதைச் செய்யாது, எல்லாவற்றையும் அப்படியே கையில் கொடுத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இன்டர்சாட் டைரக்ட்வியூ டிடெக்டர் என்று ஒரு வகுப்பு (ஜாவா கிளாஸ்) இருக்கிறது. இரண்டு செயற்கைக்கோள்களுக்கு இடையில் பூமி மறைக்கிறதா இல்லையா என்று பார்த்து, மறைவு தொடங்கும் கணத்தையும் முடியும் கணத்தையும் கண்டுபிடித்துச் சொல்லும். பூமியைச் சும்மா உருண்டை என்று எடுத்துக்கொள்ளாமல் துருவத்தில் தட்டையான நீள்கோளமாகவே எடுத்துக்கொள்கிறது. அதோடு, பார்வைக்கோடு பூமிக்கு எவ்வளவு உயரத்துக்கு மேலேயே போக வேண்டும் என்று நாமே வரம்பு வைக்கலாம். இது அலங்காரத்துக்காக வைத்த வசதி இல்லை. விளிம்பை உரசிக்கொண்டு வரும் சிக்னல் அயனமண்டலத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டு வருவதால் அதில் பிழை அதிகம், பலர் அதை வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். வரம்பை 1,000 கிலோமீட்டர் என்று வைத்தால் எவ்வளவு சிக்னல் கையைவிட்டுப் போகிறது என்பதை உடனே பார்த்துவிடலாம். அதைப் பற்றிக் கீழே எண்களோடு சொல்கிறேன்.

ஒரு அமைப்பைக் கட்டாயம் மாற்றுங்கள். இந்த டிடெக்டர்கள் இயல்பாக 600 விநாடிக்கு ஒருமுறைதான் நிலைமை மாறியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும். மாறியிருந்தால் அந்தக் கணத்தை மைக்ரோ விநாடித் துல்லியத்துக்குத் தேடிப் பிடித்துவிடும், அதில் குறையே இல்லை. ஆனால் பத்து நிமிடத்துக்குள் தெரிந்து மறைந்துவிட்டால் அப்படி ஒன்று நடந்ததே அதற்குத் தெரியாது. ஜிபிஎஸ்ஸுக்கு மேலே இருந்து பார்க்கும்போது பூமியின் விளிம்பை உரசிக்கொண்டு போகும் குட்டிக் குட்டி இடைவெளிகள் நிறைய வரும். இடைவெளியை 60 விநாடிக்குக் குறைத்துவிட்டால் ஓட்டம் கொஞ்சம் மெதுவாகும், முடிவு நம்பும்படி இருக்கும்.

சரி, ஒரு நிஜக் கணக்கு. இந்திய செயற்கைக்கோள்கள் நிற்கும் 83 டிகிரி கிழக்கு தீர்க்கரேகையில் புவிநிலைச் சுற்றுப்பாதையில் ஒரு கலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் பூமியின் விளிம்பு நடுக்கோட்டிலிருந்து 13.9 டிகிரியில் இருக்கிறது. எல்1 என்ற ஜிபிஎஸ் அலைவரிசைச் சிக்னலின் மெயின் லோப்பை, அதாவது ஆன்டெனாவின் நடுக் கதிரை, 23.5 டிகிரி வரை உறுதியோடு எடுத்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான வரையறை. ஆக 13.9க்கும் 23.5க்கும் இடையில் உள்ள மெல்லிய கூம்பு வளையம் மட்டும்தான் பூமியைத் தாண்டி நம் பக்கம் வருகிறது. இதை நம் கலத்தின் பார்வையில் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பூமித் தட்டின் விளிம்பு மையத்திலிருந்து 8.7 டிகிரியில் தெரியும், மெயின் லோப் எட்டுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் 8.7 முதல் 14.5 டிகிரி வரையிலான ஒரு ஒல்லி வளையத்துக்குள்ளேயே இருக்கும். மெயின் லோப்பை வானத்தில் வேறு எங்கே தேடினாலும் பயனில்லை. இந்த ஒரு விவரம் தெரிந்துவிட்டால் ரிசீவர் ஆன்டெனாவை எங்கே திருப்ப வேண்டும், எவ்வளவு குறுகலான கதிர் போதும் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். கூடவே கெட்ட செய்தியும் விளங்கும். எல்லா சிக்னலும் ஏறக்குறைய ஒரே திசையிலிருந்து வருவதால், எத்தனை கிடைத்தாலும் இடம் கணிக்கும் துல்லியம் தரையில் இருப்பதுபோல் இருக்காது.

அந்த வளையத்தில் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? 31 செயற்கைக்கோள்களையும் கோளத்தின் மேல் சமமாகப் பரப்பியதாக நினைத்துக் கையால் கணக்குப் போட்டாலே ஏறக்குறைய 2.1 வருகிறது. மேலே சொன்ன 1,000 கிலோமீட்டர் வரம்பை வைத்தால் அது 1.7 ஆகிறது. ஐந்தில் ஒரு பங்கு அப்படியே போய்விடுகிறது என்றால் அந்த வரம்பின் மதிப்பு என்னவென்று புரிந்திருக்கும். ஓரெகிட்டில் ஓட்டும்போது சராசரி இந்தக் கைக்கணக்கின் பக்கத்தில் வருகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், வெகுதூரம் விலகினால் எங்கோ சட்டக அச்சு (நிலையை அளக்கும் ஆய அச்சு) மாறியிருக்கிறது என்று அர்த்தம். கைக்கணக்கு சொல்லாத ஒன்றை ஓரெகிட் சொல்லும்: நேர வரிசை. வளையத்தை நேராகக் குறுக்கே கடக்கும் செயற்கைக்கோள் அரை மணி நேரத்துக்கு மேல் தெரியும், ஓரமாக உரசிப் போவது சில நிமிடங்களில் காணாமல் போகும், நடுவில் ஒன்றுமே தெரியாத நேரமும் வரும். இடம் கணிக்க வேண்டிய நான்கு ஜிபிஎஸ் ஒரே சமயத்தில் கிடைப்பது அபூர்வம். சராசரி 2 என்பதைவிட இந்த வெறுமையான இடைவெளிகளின் நீளம்தான் கலத்தை வடிவமைப்பவருக்கு முக்கியம், ஏனென்றால் அந்த நேரம் முழுக்க உள்ளே இருக்கும் கடிகாரமும் சுற்றுப்பாதைக் கணிப்பும்தான் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இங்கே வரை ஓரெகிட்டின் ராஜ்யம். இனி அது கை வைக்காத பாதி. ஒரு சிக்னல் தெரிகிறது என்பதாலேயே அது கிடைத்துவிட்டது என்று ஆகாது. பூமியின் விளிம்பை உரசி நம் புவிநிலைக் கலத்துக்கு வரும் சிக்னல் கடக்கும் தூரம் சுமார் 67,500 கிலோமீட்டர். தலைக்கு நேர் மேலே ஜிபிஎஸ் இருக்கும்போது தரையில் நமக்கு வருவதைவிடத் தூரத்தால் மட்டுமே பத்து டெசிபலுக்கு மேல் குறைவு, அதற்கு மேல் ஆன்டெனாவின் ஓரத்திலிருந்து வருவதால் இன்னொரு குறைவு. புவிநிலை உயரத்தில் ஜிபிஎஸ் எல்1க்கு எதிர்பார்க்கலாம் என்று சொல்லப்படும் குறைந்தபட்ச பலம் மைனஸ் 184 டெசிபல்-வாட். சாதாரண வெப்ப இரைச்சலோடு, பெருக்கம் ஏதும் இல்லாத ஆன்டெனாவில் வாங்கினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் 20 டெசிபல்-ஹெர்ட்ஸ் அளவுக்குத்தான் வரும். தரையில் நம் கைபேசி நல்ல வெளியில் 40ஐத் தாண்டிப் பார்க்கிறது. நாசாவின் நேவிகேட்டர் ரிசீவரை 25 டெசிபல்-ஹெர்ட்ஸ் வரை பலவீனமான சிக்னலைப் பிடிப்பதற்கென்றே வடிவமைத்தார்கள் என்றால் கஷ்டம் புரியும். ஆன்டெனா பெருக்கத்தில் ஐந்தாறு டெசிபல் கூடினாலும் குறைந்தாலும் மொத்த முடிவும் தலைகீழாகிவிடும். சிக்னலின் பலம் வழியில் எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற இந்த லிங்க் பட்ஜெட் கணக்கு ஓரெகிட்டில் இல்லை. தூரம் தரும், இரண்டு பக்கமும் கோணம் தரும், மீதியை நாம் எழுத வேண்டும். நம்பை (பைத்தானின் எண் கணக்கு லைப்ரரி) தெரிந்தவருக்கு அது ஒரு மாலை வேலை, ஆனால் ஆன்டெனாப் படிவத்தை (எந்தத் திசையில் எவ்வளவு பலம் என்ற அளவீட்டை) எங்கிருந்து எடுப்பது என்பதுதான் உண்மையான வேலை.

படிவம் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், சைடு லோப், அதாவது நடுக் கதிருக்கு வெளியே பக்கவாட்டில் கசியும் சிக்னல். மெயின் லோப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் புவிநிலையில் வாழ்க்கை ரொம்ப வறட்சியாகத் தெரியும். நிஜத்தில் 2016 நவம்பரில் ஏவிய கோஸ்-16 வானிலை செயற்கைக்கோள் சைடு லோப்களையும் சேர்த்துப் பிடித்து புவிநிலையிலேயே ஜிபிஎஸ்ஸை வைத்து ஓடிக் காட்டியது. நாசாவின் எம்எம்எஸ் கலங்கள் 2016ல் 70,006 கிலோமீட்டர் உயரத்தில் ஜிபிஎஸ் பிடித்துக் கின்னஸ் சாதனை வைத்தன, பிறகு சுமார் 1,87,000 கிலோமீட்டர் வரை போய்விட்டன. மெயின் லோப் மட்டும் வைத்த சிமுலேஷனை நம்பியிருந்தால் இதெல்லாம் நடக்கவே நடக்காது என்றுதான் எழுதி வைத்திருப்போம். 2-ஆர், 2-ஆர்-எம் வகை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் ஆன்டெனா அளவீடுகளை லாக்ஹீட் மார்ட்டின் பொதுவில் வெளியிட்டிருக்கிறது, சுற்றுப்பாதையிலேயே அளந்து பார்த்த நாசாவின் ஏஸ் சோதனையும் இருக்கிறது. இவற்றை எடுத்து இணைத்துக்கொள்ளலாம். யூமா கோப்பில் எந்தச் செயற்கைக்கோள் எந்த வகை என்ற தகவல் கிடையாது, அந்தப் பட்டியலைத் தனியாகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ஓரெகிட் எதிர்பாராத ஒரு உதவி செய்கிறது, இதற்காகவே நான் இதைப் பலரிடம் சொல்வேன். சைடு லோப் வட்டமாக இருக்காது. நடுக்கோட்டிலிருந்து ஒரே கோணத்தில் இருந்தாலும், சுற்றி எந்தத் திசையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பலம் ஏறி இறங்கும். அப்படியானால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள் தன் உடலை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். சூரியத் தகடுகளை வெயிலுக்குக் காட்டுவதற்காக அது பூமியைப் பார்த்தபடியே சுழன்றுகொண்டு இருக்கும், சூரியனுக்கு நேர்கோட்டில் வரும் மதியத்திலும் நள்ளிரவிலும் அந்தச் சுழற்சி தடுமாறும், ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு மாதிரி. ஓரெகிட்டில் ஜிபிஎஸ் வகைகளுக்கும் கலிலியோ, ரஷ்யாவின் குளோனாஸ், சீனாவின் பெய்டோவுக்கும் இந்த நோக்குநிலை மாதிரிகள் தனித்தனியாக எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. துல்லியமான இடக்கணிப்புக்காகச் செய்த வேலை அது, நமக்கு அப்படியே கைகொடுக்கிறது. காசு கொடுத்து வாங்கும் பொருள்களிலேயே இது எல்லோரும் கவனிக்கும் விஷயம் இல்லை.

ஒரு அமைப்போடு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பதும் இதில் சுலபம். கலிலியோவின் ஈ1க்கு 20 டிகிரி, பெய்டோவின் நடுச்சுற்றுப்பாதை செயற்கைக்கோள்களின் பி1க்கு 25, குளோனாஸ் எல்1க்கு 26 என்று ஐநாவின் கீழ் இயங்கும் சர்வதேச ஜிஎன்எஸ்எஸ் குழு வெளியிட்ட கையேட்டில் கோணங்கள் இருக்கின்றன. 2018ல் முதலில் வந்தது, இலவசம்தான், இந்த வேலை செய்பவர் எல்லோரும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அதே கைக்கணக்கை நான்குக்கும் போட்டால் நம் புவிநிலைக் கலத்துக்குச் சராசரியாக ஏழு எட்டு செயற்கைக்கோள்கள் வருகின்றன. ஜிபிஎஸ் மட்டும் இரண்டு, எல்லாம் சேர்ந்தால் ஏழு எட்டு. நாடுகள் ஒத்துழைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிட நேரான எண் எனக்குத் தெரியவில்லை. நம் நாட்டின் நேவிக் அமைப்பும் அந்தக் கையேட்டில் இருக்கிறது, எல்5க்கு 16 டிகிரி. அதன் செயற்கைக்கோள்கள் புவிநிலை உயரத்திலேயே இருப்பதால் அங்கிருந்து பூமியின் விளிம்பு 8.7 டிகிரியில்தான், 16 வரை கசிவு இருக்கிறது. நேவிக் அல்மனாக்கையும் ஓரெகிட் கையாளும் என்பதால் இதையும் சேர்த்து ஓட்டிப் பார்க்கலாம்.

நிலவு வரை போக ஆசைப்படுபவர்களுக்கும் இது தாங்கும். அங்கிருந்து பார்த்தால் மொத்த ஜிபிஎஸ் கூட்டமும் பூமியைச் சுற்றி 4 டிகிரி ஆரத்துக்குள் அடங்கிவிடும். அந்தத் தூரத்திலும் பிடிக்க முடியும் என்று 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் தரையிறங்கியில் போன லூக்ரி கருவி, நிலவின் தரையிலிருந்தே ஜிபிஎஸ்ஸையும் கலிலியோவையும் பிடித்துக் காட்டிவிட்டது. நாசாவும் இத்தாலிய விண்வெளி அமைப்பும் சேர்ந்து செய்தது. அதே மாதிரிப் பயணத்தை ஓரெகிட்டில் அமைக்கும்போது கோடில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை, நிலவின் மறைப்பையும் ஒரு டிடெக்டராகச் சேர்த்தால் போதும்.

குறைகள். பைத்தானில் எழுதுவோருக்கு இந்த ஜாவா லைப்ரரியை இணைக்க இரண்டு வழி இருக்கிறது, இரண்டிலும் முள் உண்டு. பழைய ஜேசிசி வழியில் சொந்த டிடெக்டர் எழுத, பைத்தான் என்று பெயர் தொடங்கும் தனி வகுப்புகளிலிருந்து பெற்றெடுக்க வேண்டும். புதிய ஜேபைப் வழியில் ஜாவா இடைமுகங்களைச் செயல்படுத்தலாம், ஆனால் ஜாவா வகுப்புகளை நீட்டிக்க முடியாது. எப்படிப் போனாலும் ஒவ்வொரு நேரப்படியிலும் பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் நடுவில் தாவிக்கொண்டிருந்தால் வேகம் படுத்துவிடும். செயற்கைக்கோள்களின் நிலைகளை மொத்தமாக எடுத்து நம்பை அணியில் போட்டுக்கொண்டு, கோணமும் பலமும் அங்கே கணக்குப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆவணங்கள் ஜாவாடாக் நடையில், ஏற்கெனவே தெரிந்தவருக்கு எழுதியவை. சட்டகங்கள், கால அளவுகள் பற்றிய அடிப்படை இல்லாதவர் முதல் வாரம் திணறுவார். பெரிய பதிப்பு மாறும்போது வகுப்புப் பெயர்களும் மாறும், 12ல் எழுதிய கோடு 13ல் அப்படியே ஓடும் என்று நம்ப வேண்டாம், பதிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறுதல் என்னவென்றால், கேள்வி கேட்கும் மன்றத்தில் லைப்ரரியை எழுதுபவர்களே வந்து பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள்.

மாற்று என்ன இருக்கிறது? காசு கொடுத்து வாங்கும் எஸ்டிகே மென்பொருள் எல்லாம் செய்யும், படமும் அழகு, லிங்க் பட்ஜெட்டும் உள்ளேயே இருக்கிறது. நிறுவனம் உரிமம் வாங்கித் தந்தால் அதைப் பயன்படுத்துவதில் தப்பே இல்லை. மேட்லேப் ஏற்கெனவே கல்லூரியில் இருந்தால் அதன் செயற்கைக்கோள் தொடர்புத் தொகுப்பு சுலபமான தொடக்கம். நாசாவின் ஜிமேட் பயணப்பாதை வடிவமைக்க அருமை, இந்த வேலைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

அனுசாட், எஸ்ஆர்எம்சாட், சத்யபாமாசாட் என்று கல்லூரிகளிலிருந்தே செயற்கைக்கோள் போன ஊர் நம்முடையது. அடுத்து வரும் மாணவர் குழுவில் யாராவது ரிசீவர் பகுதியை எடுத்திருந்தால், அவருக்கு என் சிபாரிசு இதுதான்: முதலில் தாழ்ந்த சுற்றுப்பாதை ஒன்றை ஓட்டிப் பாருங்கள், பிறகு அதே கோடில் உயரத்தை மட்டும் 3,000, 8,000, 36,000 என்று ஏற்றிக்கொண்டே போய் எண்ணிக்கை எப்படி விழுகிறது என்று வரைபடம் போடுங்கள். அப்புறம் சைடு லோப்பைச் சேர்த்து இன்னொரு வரைபடம். இந்த இரண்டையும் போட்டுவிட்டுத்தான் ஆன்டெனா வாங்கப் பேச வேண்டும். செலவு என்று பார்த்தால் ஒரு சாதாரண மடிக்கணினியும் கொஞ்சம் பொறுமையும். வடிவியலுக்கு ஐந்துக்கு ஐந்து, தொடங்குவதற்கு எளிது என்ற வகையில் ஐந்துக்கு இரண்டரை.